வெட்டிய வரிக்கு வந்த பதில்

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட மறுவாரமே என் மனைவி நாகேஸ்வரி பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போய்விட்டாள். கொட்டாஞ்சேனை வீட்டில் நான் ஒருவன்தான் மிச்சம். பகலில் தணிக்கைக் கந்தோரில் இருந்து, பட்டாளத்துக்குப் போகும், பட்டாளத்திலிருந்து வரும் தமிழ்க் கடிதங்களில் கப்பல், ஊர் எது வந்தாலும் கத்தரித்து எடுப்பேன். வெளியே சொல்லக்கூடாத உத்தியோகம். அடுத்தவன் பெண்சாதிக்கு எழுதுவதை வாசித்துச் சம்பளம் வாங்குகிற கேடுகெட்ட பிழைப்பு.

வீடு கூட்ட வரும் ஆறாயி ஒருநாள் கடிதத்தை நீட்டினாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துக்குப் போன அவள் புருஷன் அழகர், எழுதத் தெரிந்த பீற்றர் என்பவனைக் கொண்டு பாட்டாகவே எழுதுவித்திருந்தான்.

"மூட்டை சுமக்குறேன்டி ஆறாயி
முகாமுக்குக் குழி வெட்டுறேன் ஆறாயி
தலைக்குள்ளயும் மணலுதான்டி ஆறாயி"

அதற்குக் கீழே ஓட்டை. என் கத்தரிக்கோல் வேலை.

"அதுலதாங்கய்யா கேள்வி இருக்கும். அவரு பாடிக் கேட்டா நான் பாடித்தான் பதில் சொல்லணும். என்னா கேட்டிருக்காரு?"

ஒரு நாளைக்கு நூறு கடிதம் பார்ப்பவனுக்கு எங்கே நினைவு? அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் உளறிவிட்டது.

"வெட்டின ஓரத்தில அரையும் குறையுமாத் தெரியுது. தனிய இருந்து தின்னுற சோறு தொண்டையில இறங்குதோ எண்டு கேட்டிருக்கிறார்."

அது என் கேள்வி. நாகேஸ்வரி ஒரு கடிதத்திலும் கேட்காதது. ஆறாயி அழுதாள். பிறகு பாடினாள், நான் எழுதினேன்.

"எறங்காத சோத்துல நான் பாதி எடுத்து வச்சேன்
வருவீகன்னு வாசக் கதவச் சாத்தாம வச்சேன்"

மூன்று மாதத்தில் அந்தப் பாட்டு என் மேசைக்கே வந்தது. பதுளைக்கும் அட்டனுக்கும் எவனெவனோ தன் பெண்சாதிக்கு அதை எழுதியிருந்தான். பீற்றர் கூடாரம் கூடாரமாகப் பரப்பியிருக்க வேண்டும். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகுதான் அழகரின் கடிதம் வந்தது.

"பர்மாவுக்குப் போற கப்பலு கொழும்புல ஒரு நாள் நிக்கும், எறங்க விடமாட்டான், ஜெட்டிக்கு வருவியான்னு கேட்டேன். நீ சோத்தப் பாடியிருக்கே. கப்பலும் வந்து நின்னு போயிருச்சு. எவன் பாட்டுக்குடி எதிர்ப்பாட்டு பாடுனே? எவனுக்குக் கதவத் தொறந்து வச்சே?"

வெட்டியிருக்கலாம். வெட்டினால் என் குட்டு வெளிப்படாது. அவளும் மறுபடி என்னிடமே வருவாள். அந்த ஆசை எனக்கு இருந்தது. ஆனாலும் முழுக் கடிதத்தையும் விட்டேன். அவள் கொண்டுவந்தபோது முழுவதும் வாசித்து, வெட்டினதும் நான், அந்தச் சோற்றுக் கேள்வியைக் கேட்டதும் நான் என்று சொன்னேன்.

"ஒரு நாளு முழுக்க நின்னிருக்காருங்கய்யா," என்றாள். கடிதத்தை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் வீடு கூட்ட வரவில்லை.

பத்து நாள் கழித்து அவளுடைய பதில் என் மேசைக்கு வந்தது. எழுத்து யாருடையதோ.

"கேட்டவரு வேற யாருமில்ல, கடுதாசி படிச்ச ஐயா
ஒத்தையில சோறு திங்கும் ஒண்டிக்கட்ட, பாவமய்யா"

பீற்றர் கையில் கிடைத்தால் இதையும் பட்டாளமே பாடும். பாடட்டும். முத்திரை குத்தி அனுப்பினேன்.