பதினேழாயிரம் அடியில் ஒரு சரி

பரக்கத் அலி வீட்டில் "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்" என்றால் முடியாது என்று பொருள். ஃபிரிட்ஜ் மாற்றலாமா என்று மனைவி சுராயா கேட்டாலும் அதே பதில்தான். மேற்படிப்புக்கு மங்களூரு போகட்டுமா என்று மகள் அல்ஷிஃபா கேட்டாலும் அதே பதில்தான், கூடவே ஒரு கத்தலும்.

"திருச்சியில இல்லாத காலேஜா? தடுக்கி விழுந்தா காலேஜ். அங்க போயி என்ன, புதுசா மூச்சு விடக் கத்துக்கப் போறியா?"

கிட்டத்தட்ட அதைத்தான் அவள் கற்கப் போகிறாள். தில்லைநகரில் ஒரு மருத்துவமனையில், தானாக மூச்சுவிட முடியாதவர்களுக்கு வெண்டிலேட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. நாளை மாலைக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அத்தா பரக்கத் அலியோ லடாக்கில் இருந்தார். பனியைப் பார்த்தே தீருவேன் என்று சுராயாவின் தம்பி தாஜுதீன் அவரை இழுத்துக்கொண்டு போயிருந்தார். லே நகரில் இறங்கியதும் இரண்டு நாள் அசையாமல் கிடக்க வேண்டும், உடம்பு பழகட்டும் என்று அல்ஷிஃபா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"படுத்துக் கிடக்க வீட்லயே பாய் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையே அத்தா மச்சானோடு காரில் கணவாய்க்கு ஏறிவிட்டார். பதினேழாயிரம் அடிக்கு மேல். அங்கிருந்துதான் வீடியோ கால் வந்தது.

"சுராயா! எப்படிம்மா இருக்க? சாப்டியா?"

சுராயா போனைத் திருப்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்காத கேள்வி அது.

"ஃபிரிட்ஜ் கேட்டியே, வாங்கிக்க. ரெண்டு கதவு வெச்சது வாங்கிக்க. எங்க என் புள்ள? மங்களூரு போணும்னியே, சரி, போயிட்டு வா!" சொல்லிவிட்டு அத்தா சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

சுராயா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சரின்னுட்டார்டி! ஓடு, லேப்டாப்பை எடு, இப்பவே சேந்துடு!"

அல்ஷிஃபா அசையவில்லை. திரையில் தெரிந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை நாவல் பழம் தின்ற வாய் போல லேசாக நீலம் பூத்திருந்தன. "அம்மா, இது அத்தா பேசல."

"பின்ன யாரு பேசறா?"

"ஆக்சிஜன் குறைஞ்சா சில பேர் எரிஞ்சு விழுவாங்க, சில பேருக்குத் தலை வலிக்கும், சில பேர் சும்மா சிரிப்பாங்க. ஆளுக்கு ஒரு மாதிரி."

"சிரிச்சா நோயாடி?"

"அத்தா சிரிச்சா நோய்தான்மா."

அவள் பேசியதில் விளையாட்டில்லை. அவ்வளவு உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் நம் ஊரில் கிடைப்பதில் பாதி ஆக்சிஜன்தான் கிடைக்கும். முதலில் தடுமாறுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்கிற பகுதி அது. முதலாளி எழுந்து போய்விட்ட கடை போலத்தான். கேட்டவர்களுக்கெல்லாம் சரக்கு போகும். இதில் வம்பு என்னவென்றால், முதலாளி போய்விட்டார் என்பது கடைக்கே தெரியாது. மயங்கி விழும்வரை தான் நன்றாக இருப்பதாகவே அந்த ஆள் நினைப்பார்.

"அத்தா, ஒரு காலுக்கு முன்னாடி இன்னொரு காலை ஒட்டி வெச்சு நேரா நடங்க பாப்போம்."

அத்தா சந்தோஷமாக நடந்தார். நாலாவது அடியில் சாய்ந்து, காரைப் பிடித்துக்கொண்டார். "பூமி ஆடுது புள்ள, நான் ஆடல" என்று அதற்கும் சிரித்தார்.

"என்னங்க!" என்றாள் சுராயா.

ஒருகணம் அல்ஷிஃபாவுக்கு மங்களூரு கண்ணில் தெரிந்தது. தெளிந்தபிறகு அத்தா என்ன சொல்வார் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"மாமு! போனை வாங்குங்க. கார்ல ஆக்சிஜன் இருக்கும், டிரைவர்கிட்ட கேட்டு அத்தா மூக்குல வைங்க. கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போகாதீங்க. வந்த வழியே இப்பவே கீழ இறங்குங்க. கூட ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது."

தாஜுதீன் புஸ் புஸ் என்று இரைத்துக்கொண்டே திரையில் வந்தார். "நான்தான்... மூச்சு வாங்கிச் சாகறேன்... மச்சான் குஷியா இருக்காரேன்னு பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகாதா?"

"மூச்சு வாங்கறதுதான் உங்களைக் காப்பாத்துது. இறங்குங்க மாமு!"

கார் இறங்கும்வரை சுராயா தஸ்பீஹ் மாலை உருட்டினாள். நடுவே மகளைப் பார்த்துக் கேட்டாள். "இவர் தினமும் காவிரிப் பாலம் தாண்டி அம்மா மண்டபம் வரைக்கும் நடக்கறவரு. தாஜு ரெண்டு மாடி ஏறினா உக்காந்துடுவான். அவன் எப்படி நல்லா இருக்கான்?"

பதற்றமாக இருக்கும்போது எதையாவது விளக்கிச் சொல்வது அல்ஷிஃபாவின் வழக்கம். அம்மாவின் கழுத்தில் இரண்டு பக்கமும் விரல் வைத்துக் காட்டினாள். "இங்க, உள்ள, அரிசி மணி மாதிரி ஒண்ணு இருக்கு. ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா அது மூளைக்கு மணி அடிக்கும். வேகமா மூச்சு விடு, வேகமா மூச்சு விடுன்னு. சில பேருக்கு அந்த மணி பலமா அடிக்கும், சில பேருக்கு மெதுவாத்தான் அடிக்கும். பெரும்பாலும் பொறப்புலயே வர்றது. நடந்து பழகறதுனால கால் பலமாகும், மணி பலமாகாது. மாமுவுக்குப் பெரிய மணி."

"இவருக்கு?"

"அத்தா சத்தம் எல்லாம் வாயிலதான்மா."

சுராயா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

மாலையில் லே அறையிலிருந்து வீடியோ கால் வந்தது. எடுத்ததுமே அத்தாவின் கத்தல். "ஊரா இது? டீயில உப்பைப் போட்டுக் குடுக்கறான்! ஏ தாஜு, ஜன்னலைச் சாத்து!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் சுராயா.

"அத்தா, தலைவலி இருக்கா? நேரா நடந்து காட்டுங்க." அவர் முனகிக்கொண்டே சுவர் வரை கோடு போட்டதுபோல நடந்து திரும்பினார். அதன் பிறகே அல்ஷிஃபா பேச்சை எடுத்தாள். "மேல இருக்கும்போது மங்களூருக்குச் சரின்னீங்க. அதை நான் எடுத்துக்கல. அது செல்லாது."

திரையில் அத்தாவின் முகம் சிவந்தது. "எது செல்லாது?"

"உங்க மூளைக்கு ஆக்சிஜன் போகாதப்ப சொன்னது அத்தா. அது கணக்குல வராது."

"என் வாக்கு கணக்குல வராதா? நான் போன்ல வாயால சொன்னா போதும், குறிஞ்சிப்பாடிலேர்ந்து கடைக்கு லுங்கி ஏத்தி லாரி கிளம்புது! எவனும் இதுவரைக்கும் பரக்கத் அலி வாக்கு செல்லாதுன்னது இல்ல. நான் பெத்த புள்ள நீ சொல்றியா?"

"மச்சான், பிபி" என்று பின்னால் தாஜுதீனின் குரல்.

"சும்மா இருடா! சொன்னது சொன்னதுதான். மங்களூருக்குப் போற. நாளைக்கே சேர்ற. மாட்டேன்னா வந்து கால ஒடிப்பேன்!"

"அத்தா, லேயிலயும் ஆக்சிஜன் மூணுல ஒரு பங்கு குறைவுதான், அதனால இதையும் முழுசா..."

சுராயா போனைப் பிடுங்கி அணைத்தாள். "நீ படிச்சது போதும்டி. போ, போயி பணத்தைக் கட்டு."

அல்ஷிஃபா கட்டிவிட்டு, சேர்ந்துவிட்டேன் என்று அத்தாவுக்கு ஒரு வரி அனுப்பினாள். உடனே குரல் செய்தி ஒன்று வந்தது. பின்னணியில் தாஜுதீன் இரைக்கும் சத்தம். அதற்கு மேல் அத்தாவின் கத்தல்.

"அங்க மழை விடாம கொட்டுமாமே? குடை வாங்கினியா? ஜங்ஷன்ல விக்கற குடை வேணாம், கம்பி வளைஞ்சுடும். நான் வந்து வாங்கித் தரேன்."