இரண்டாம் பக்கத்தின் மௌனம்

எழுத்தில் பயிற்சி இல்லாத நான் இதை எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். ஒலிப்பதிவு என் தொழில். கல்லூரியில் முறையாகப் பயின்றவன்; ஆயினும் அதுவரை தேவாலயப் பாடகர் குழுக்களை மட்டுமே பதிவு செய்திருந்தேன்.

1974 மார்ச்சில், சிகாகோவின் தெற்குப் பகுதியில், டிரம்பெட் கலைஞர் லூஷியஸ் பெட்வே தம் மூவர் குழுவின் ஜாஸ் இசைத்தட்டுக்காக என்னை அழைத்தார். பதிவுக்கு மறுநாள் அவருடைய முன்பற்கள் இரண்டைப் பிடுங்கவிருந்தார்கள். பிறகு ஊத முடியுமா என்பதற்கு மருத்துவர் உறுதி தரவில்லை.

இசைத்தட்டின் முதல் பக்கத்துக்கான பதிவு முடிந்தது. இரண்டாம் பக்கத்துக்கு ஒரே ஒரு ஒலிநாடாச் சுருள் எஞ்சியிருந்தது.

"என்ன ப்ரொபசர், மூஞ்சி சுண்டிக் கிடக்கு? பல்லு புடுங்கப் போறது எனக்கா, உனக்கா?" என்றார் லூஷியஸ். கல்லூரியில் படித்தவன் என்பதால் எனக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் அது.

"விடுப்பா. நாம போடுற சத்தத்துக்கு அவன் உள்ள உக்காந்து ஜெபம் பண்ணிட்டிருக்கான்," என்று டிரம்ஸ் வாசிக்கும் டெல்மர் சிரித்தார்.

"எப்ப முடியும்னு சொன்னீங்கன்னா, ஐயா..." என்று இழுத்தேன்.

"முடியறப்ப முடியும்டா. நாடா மிஞ்சினா சின்னதா இன்னொண்ணு போடலாம், பாத்துக்கோ," என்றார் லூஷியஸ்.

வாசித்தார்கள். மெட்டும் இல்லை, தாளக்கட்டும் இல்லை. பதிவு அறையின் கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்து, மெலிந்துகொண்டே வந்த சுருளையே பார்த்திருந்தேன். பதினான்காம் நிமிடத்தில் லூஷியஸ் டிரம்பெட்டைத் தாழ்த்தி, அதன் சிறு விசையை அழுத்தி, குழாயில் தேங்கிய எச்சில்நீரைத் தரையில் உதறினார். டெல்மர் குச்சிகளை மடியில் வைத்தார். பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தை வாசித்த ஹைரமின் கைகளும் அசையவில்லை. பாடகர் குழுவில் நடத்துநர் கையைத் தாழ்த்தினால் பாட்டு முடிந்தது என்று பொருள். இருபது வரை எண்ணினேன். நாடாவை மிச்சப்படுத்த எண்ணி, இயந்திரத்தை நிறுத்தினேன்.

லூஷியஸ் கண்களை மூடியபடி மீண்டும் ஊதத் தொடங்கினார்.

பதற்றத்தில் என் விரல் பின்னோட்டும் பொத்தானை அழுத்திவிட்டது. நாடா நழுவி என் மடியில் குவிந்தது. கண்ணாடியைத் தட்டியிருக்கலாம், வாசிப்பைக் கலைக்கத் துணிவு வரவில்லை. நாடாவை மாட்டி முடித்தபோது உள்ளே எல்லாம் ஓய்ந்திருந்தது.

"புடிச்சியா ப்ரொபசர்?" லூஷியஸின் கைக்குட்டையில் ரத்தம் இருந்தது.

"முடிஞ்சுதுன்னு நெனச்சேன், ஐயா. நீங்க தண்ணியை உதறினீங்க..."

"அடப்பாவி! எச்சியை உதறினா முடிஞ்சுதுன்னா அர்த்தம்?" என்றார் டெல்மர்.

இன்னொரு முறை ஊத இயலாது என்பதுபோல் லூஷியஸ் பிளந்திருந்த உதட்டைத் தொட்டுக் காட்டினார்.

இசைத்தட்டு பதினான்கு நிமிட இரண்டாம் பக்கத்தோடு வெளிவந்தது. பதிவாகாமல் போனவை: டிரம்பெட் ஏறத்தாழ நான்கு நிமிடம், அதற்கு மறுமொழியாக ஹைரம் வில்லால் இழைத்த ஒரு நீண்ட சுரம், டெல்மரின் கடைசி மூன்று தட்டல்கள், இவை எல்லாவற்றுக்கும் முன் இருந்த மௌனத்தின் பிற்பகுதி.