இரண்டாம் எண் கோப்பை

கசப்பு இருக்கிறது. சூடு இருக்கிறது. அடியில் கொஞ்சம் இனிப்பும் இருக்கிறது. காபி மட்டும் இல்லை.

அவசரப்படாதே. இன்னொரு வாய் குடி. மூச்சை மூக்கு வழியாக மெல்ல விடு. இப்போது? இல்லை. வெந்நீரில் மாத்திரையைக் கரைத்த மாதிரிதான் இருக்கிறது. கடைக்காரர் பார்க்கிறார், முகத்தைச் சுளித்துத் தொலைக்காதே.

அவள் சுளிக்கவில்லை. கோப்பையைத் தட்டின் மேல் வைத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் அந்தச் சின்னக் கடையின் முதலாளியைப் பார்த்துச் சிரித்தும் வைத்தாள்.

"என்னம்மா, எப்பவும் ரெண்டாவது கப் கேப்பீங்க. இன்னைக்கு முதல் கப்பே பாதியில நிக்குது?"

"ஆபீஸ் போனா குடிக்கிறதுதானே வேலை. வயித்துல கொஞ்சம் இடம் வைக்க வேண்டாமா?"

"குடிக்கிறதுக்குச் சம்பளம்! என் மச்சானுக்கு அந்த வேலையை வாங்கிக் குடுங்களேன். தகுதி ஏகப்பட்டது இருக்கு."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கை மட்டும் மேசைக்கு அடியில் ஜில்லென்று கிடந்தது.

பாட்டிலில் அடைத்து விற்கும் பால் காபி செய்யும் கம்பெனியில் அவள் ருசி பார்ப்பவள். ஏழு வருடமாக அதே வேலை. ஒவ்வொரு பேட்ச் காபியையும் இரண்டு பேர் வாயில் வைத்துப் பார்த்து, சரியென்று தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்தும் விழாமல் ஒரு பாட்டில்கூட வெளியே போகாது. வேலையில்தான் அப்படி என்றால், வேலைக்கு வெளியேயும் அவள் நாக்குக்கு ஓய்வு கிடையாது. புதிய கடை எங்கே திறந்தாலும் முதல் வாரமே போய் உட்கார்ந்துவிடுவாள். கைப்பையில் கறுப்பு அட்டை போட்ட ஒரு சிறிய நோட்டு. மூலைக்கடை, எலுமிச்சைத் தேநீர், மதியத்துக்கு மேல் வேண்டாம். நூலகத்துக்குப் பின்னால், தேன் கேக், ஓரத் துண்டாகக் கேட்டு வாங்கு. அலுவலகத்தில் யாருக்காவது நல்ல இடம் தெரிய வேண்டுமென்றால் அந்த நோட்டுதான் சாட்சி.

மூன்று வாரத்துக்கு முன் நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காய்ச்சல் போனது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "வரும், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்க" என்றார் மருத்துவர். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து தினமும் வேலைக்குப் போகும் வழியில் நோட்டில் இருக்கும் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குகிறாள், தொலைத்த சாவியைத் தேடுகிறவள் போல. இஞ்சித் தேநீர் தொண்டையைச் சுட்டது, இஞ்சி இல்லை. புதினா குளிர்ந்தது, புதினா இல்லை. தேன் கேக் ஈரப் பஞ்சாக வாயில் திரண்டது. ஒரே ஒரு கடையின் வெண்ணெய் பிஸ்கட் மட்டும் பிடித்துப்போனது, அதுவும் கடிக்கும்போது வரும் சத்தத்துக்காக. சத்தத்துக்காக ஒரு தின்பண்டம் பிடித்துப்போவது தன் வாழ்க்கையில் நடக்குமென்று அவள் நினைத்ததே இல்லை. அதை நோட்டில் எழுதவும் கை வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சளி என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பால் வைத்துவிட்டு, அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து ஒன்பது வயது மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா! என்னம்மா பண்ற, வீடே நாறுது!" திரும்பினால் பால் சுண்டி, அடி கருகி, புகை பொங்கிக்கொண்டிருந்தது. கணவன் ஜன்னலைத் திறந்துகொண்டே, "பக்கத்துல நின்னுட்டு எந்த உலகத்துல இருந்த?" என்றான். அன்றிலிருந்து கேஸ் குழாயை மூடினோமா என்று நான்கு தடவை போய்ப் பார்க்கிறாள். எது கெட்டது, எது நல்லது என்று சொல்லும் வாசற்காவல் ஒன்று உடம்பில் இருந்தது. இப்போது வாசல் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

வேலையில் அவள் தப்பித்தது மூக்கக்காவால். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, மேனேஜர் முதல் வண்டி ஓட்டுபவர் வரை எல்லோருக்கும் அவர் மூக்கக்காதான். இருபது வருட அனுபவம். பால் கறந்து எத்தனை மணி நேரம் என்று முகர்ந்தே சொல்வார் என்பார்கள். ருசி அறையில் இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். நடுவில் துப்புவதற்கு ஒரு தொட்டி. அவள் குடித்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்ப்பாள். அக்கா தலையை ஆட்டினால் இவளும் ஆட்டுவாள். மூன்று வாரமாக வந்ததெல்லாம் நல்ல பேட்ச்தான் போலிருக்கிறது. அக்கா ஆட்டிக்கொண்டே இருந்தார், இவளும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆனால் இன்று மாதச் சோதனை. அதை நினைத்துத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை லேப் பெண் மூன்று கோப்பைகள் கொண்டுவந்து வைப்பாள். இரண்டில் ஒரே காபி. ஒன்றில் மட்டும் வேறு பேட்ச். எது வேறு என்று கண்டுபிடித்து, ஆளுக்கொரு சீட்டில் எண்ணை எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். பேசக் கூடாது.

பேசத்தானே கூடாது, பார்க்கலாம் அல்லவா? அவள் மூன்றையும் உறிஞ்சித் துப்பினாள். இரண்டாவதை உறிஞ்சும்போது மூக்கு நமைத்தது. தும்மலை அடக்கப் புருவத்தைத் தூக்கிக்கொண்டாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அக்கா முதல் கோப்பையை வைத்தார். மூன்றாவதை வைத்தார். இரண்டாவதைக் கையில் எடுத்து, மறுபடியும் ஒரு வாய் குடித்து, நிதானமாக வைத்தார். அது போதும். அவள் சீட்டில் இரண்டு என்று எழுதினாள். அப்பாடா என்றிருந்தது. இனி ஒரு மாதம் கவலையில்லை.

அந்த நிம்மதி அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கை கழுவும் இடத்தில் நின்றவளின் முழங்கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். லேப் பெண். முகம் வெளுத்திருந்தது, சிரிப்பும் வந்தது.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. பெரிய கூத்து பண்ணிட்டேன். இப்பதான் ஃபிரிட்ஜைத் திறக்கிறேன், மாத்தி ஊத்த வேண்டிய ஜாடி ஊத்தாம அப்படியே இருக்கு! மூணு கப்லயும் ஒரே காபியைத்தான் ஊத்தியிருக்கேன்."

"என்ன சொல்ற?"

"ஆமாக்கா. நீங்க என்னடான்னா ரெண்டு பேருமே ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க. கப் சரியா கழுவலையோ என்னமோ. எதுவா இருந்தாலும் சரின்னே ஃபைல் பண்ணிடறேன். மேனேஜருக்குத் தெரிஞ்சா என்னை ஊறுகாய் போட்டுடுவார்."

அவள் குழாயை மூட மறந்து நின்றாள். மூன்றும் ஒன்று. அவள் இரண்டு என்று எழுதியது அக்காவைப் பார்த்து. சரி. அக்கா யாரைப் பார்த்து எழுதினார்?

தும்மல். புருவம்.

தண்ணீர் கையில் வழிந்துகொண்டே இருந்தது.

இடைவேளையில் அக்காவை எதிர்ச்சாரியில் இருக்கும் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போனாள். நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கும் கடை. கண்டுபிடித்தது அவள், வாடிக்கையாளராக்கியது அக்காவை. ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து, ஏலக்காய்த் தேநீர் வந்ததும் அக்கா கண்ணை மூடி ஆவியை இழுத்தார். "ஆகா" என்றார்.

"அக்கா, இதுல ஏலக்காய் வாசனை வருதா?"

"பின்ன? தூக்குதே."

"எனக்கு வரலை. மூணு வாரமா எதுவுமே வரலை. நான் உங்க மூஞ்சிய பாத்துதான் தலையாட்டிட்டு இருந்தேன்."

அக்கா கண்ணைத் திறந்தார். அவர் அதிர்ச்சியடைவார், திட்டுவார் என்று இவள் காத்திருந்தாள். அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் தட்டின் மேல் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"மூணு வாரமா?" என்றார் கடைசியில். "சண்டாளி. அப்ப நான் மூணு வாரமா யாரைப் பாத்துட்டு இருந்தேன்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அடக்க முடியாத சிரிப்பு, கடையே திரும்பிப் பார்த்தது. சிரிப்பு ஓய்ந்ததும் அவள்தான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. ஒருநாள் காலையில பாத்தா துடைச்சு வெச்ச மாதிரி ஒண்ணுமே இல்லை. எதுக்கு என் எதிர்ல உன்னைத்தான் உக்கார வெக்கணும்னு மேனேஜர்கிட்ட அடம் பிடிச்சேன்னு நினைக்கிற? உன் மூஞ்சியில எல்லாத்தையும் எழுதி ஒட்டியிருக்கும். நல்லா இருந்தா ஒண்ணு, கெட்டா ஒண்ணு. உனக்கே தெரியாது. நான் பாட்டுக்குப் படிச்சுக்குவேன்."

தன்னைத் திறமைசாலி என்று அக்கா கேட்டு வாங்கியதாக அவள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெருமை இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். வலிக்கக்கூட இல்லை. அதைவிடப் பெரிய ஒன்று அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. மூன்று வாரம். எத்தனை பேட்ச்? நாளுக்கு இரண்டு, சில நாள் மூன்று. அந்தப் பாட்டில்களை எல்லாம் யார் யாரோ வாங்கி, மூடியைத் திருகித் திறந்து, இரண்டு பேர் பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் குடித்திருக்கிறார்கள். ஒருவருமே பார்க்கவில்லை.

"சொல்லிடலாம்க்கா."

"பைத்தியமா நீ? மூணு வாரத்துல யாருக்காவது ஏதாவது ஆச்சா? உனக்குச் சின்ன வயசு, திரும்பி வந்துடும். வந்ததும் பழையபடி ஓட்டிக்கலாம்." அக்கா குனிந்து குரலைத் தணித்தார். "எங்கிட்ட இருந்து மூக்கை எடுத்துட்டா என்னடி மிச்சம்? வெறும் அக்கா. அப்படி ஒரு அக்கா எல்லார் வீட்டுலயும் இருக்கா."

மூக்கை எடுத்துவிட்டால் தன்னிடம் என்ன மிச்சம் என்று அவளுக்கும் தெரியவில்லை. ஒரு கறுப்பு நோட்டு.

திரும்பி வந்தபோது ருசி அறையில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அவர் அங்கே நிற்பது வழக்கமில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலும் இரண்டு கோப்பைகளும் தயாராக இருந்தன.

"வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பாத்துட்டு இருக்கேன். ஒரு சின்ன விஷயம். காலையில பால் தொட்டியோட கூலர் ரெண்டு மணி நேரம் நின்னுபோச்சு. அப்புறம் ஓடிடுச்சு. பாலுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. லேப் ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும், வண்டி இப்பவே ஏத்தி நிக்குது. நீங்க ரெண்டு பேரும் ஒரு வாய் பாத்துச் சொல்லிட்டா முடிஞ்சது."

அக்கா உட்கார்ந்தார். அவளும் எதிரே உட்கார்ந்தாள். மேனேஜர் ஊற்றினார்.

குளிர்ச்சி. இனிப்பு. கசப்பு. அவ்வளவுதான். நல்ல காபியும் இப்படித்தான் இருக்கும், கெட்டுப்போகத் தொடங்கிய காபியும் இப்போதைக்கு இப்படித்தான் இருக்கும். அவள் வாயில் அதை வைத்துக்கொண்டு தேடினாள். கருகிய பாலுக்குப் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்தது நினைவுக்கு வந்தது. தொட்டியில் துப்பினாள். நிமிர்ந்தபோது அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணிமைக்காமல், படிக்க வேண்டிய பக்கம் வரட்டும் என்று. இத்தனை வருடம் அந்தப் பார்வையை அவள் பாசம் என்று நினைத்திருந்தாள். அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

அக்கா அதில் படிக்க எதுவும் கிடைக்காமல் விழித்தார். பிறகு தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அவ்வளவுதான்! மூக்கக்கா போட்டாச்சு," என்று மேனேஜர் தாளை இவள் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். "நீங்களும் போடுங்கம்மா."

பேனாவை வாங்கினாள்.

"எனக்கு வாசனை தெரியலை சார். காய்ச்சல் வந்ததுலேருந்து."

"சளியா? இருக்கட்டும். அக்காதான் பாத்துட்டாங்களே, அவங்க மூக்கு நாலு பேர் மூக்குக்குச் சமம். நீங்க பேருக்கு ஒரு கையெழுத்து போட்டா போதும். ரெண்டு இல்லாம கேட்டைத் தாண்ட முடியாது, உங்களுக்கே தெரியும்."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா மேசையில் இருந்த காலிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டின் மேல் வியர்வை பொடித்திருந்தது. அவரும் தன்னைப் போலவே பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தன்னால் முடியாது. வெளியே லாரியின் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. இன்றைக்கு மாலை யாருடைய பிள்ளையோ பள்ளி விட்டு வரும் வழியில் கடையில் நின்று அந்தப் பாட்டிலைக் கேட்கும். அவளுடைய மகளாகவும் இருக்கலாம்.

"என்னம்மா யோசனை? ஒரு கையெழுத்துதானே."

பேனாவின் மூடியைத் தேடி எடுத்தாள். அது முதல் தடவை பொருந்தவில்லை. இரண்டாம் தடவை மூடி, பேனாவைத் தாளின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"மன்னிச்சுக்கோங்க சார்," என்றாள், தனக்கே கேட்காத குரலில். "நான் போடலை."