முன்னறிவிப்போடு ஒரு திடீர்ச் சோதனை

அன்று வருகைப் பதிவேட்டில் இருந்தவர்கள்:

இபு வினார்சி, நகர வடிகால் துறைத் தலைவர். பதவிக்கு வந்து பத்தொன்பது நாள். மரியாதைக்கு இங்கே பெண்ணை இபு என்போம், ஆணைப் பாக் என்போம்.
பாக் முர்ஜோனோ, துறைச் செயலாளர். இதற்கு முன் நான்கு தலைவர்களை வரவேற்றவர், வழியனுப்பியவர்.
பாக் தர்யாதி, பம்புப் பிரிவுப் பொறுப்பாளர்.
ஃபிக்ரி, துறையின் புகைப்படக்காரன்.
நான், பம்பு நிலையத்தில் இரவுப் பணி.
இன்னும் முப்பத்தொரு பேர். அவர்களில் பன்னிரண்டு பேர் வரவில்லை, கையெழுத்து மட்டும் வந்திருந்தது.

என் வேலை காலை ஆறு மணிக்கே முடிந்துவிடும். போகாதே என்றார்கள். திடீர்ச் சோதனைக்கு ஆள் குறைவாகத் தெரியக்கூடாதாம்.

அந்தத் திடீர்ச் சோதனைக்கான கடிதம் ஐந்து நாளுக்கு முன்பே வந்துவிட்டது. வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி, உடை பாத்திக் சட்டை. பொருள்: மூன்றாவது பம்பின் நிலை பற்றி முன்னறிவிப்பின்றி ஆய்வு. கீழே இபு வினார்சியின் கையெழுத்து.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. புள்ளியியல் அலுவலகத்திலிருந்து வந்தவர். அதிகாரிகளுக்கான மூன்று மாதத் தலைமைப் பயிற்சியில், தலைவர் என்றால் நேரில் போய்த் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாரிடமும் சொல்லாமல் பம்பு நிலையத்துக்குப் போக வேண்டும், ஏற்பாடு செய்யுங்கள் என்று பாக் முர்ஜோனோவிடம் சொன்னார். அவர் "சியாப், இபு" என்றார். மேலிருப்பவர் எது சொன்னாலும் இங்கே பதில் அதுதான், தயார் என்று. அலுவலகக் கார் வெளியே போகப் பயண உத்தரவு வேண்டும். உத்தரவில் போகும் இடம் இருக்க வேண்டும். போகும் இடத்துக்கு ஒரு நகல் போக வேண்டும். முர்ஜோனோ எதிலும் தவறவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்ற விஷயத்தை நான்கு பிரதி எடுத்து அனுப்பியிருந்தார்.

இபுவுக்கு அவசரம் இருந்தது. கடலுக்கும் கராங்லெகிக் குடியிருப்புக்கும் நடுவில் இருப்பது எங்கள் பம்பு நிலையம் மட்டும்தான். குடியிருப்பு கடல் மட்டத்துக்குக் கீழே. டிசம்பர் பௌர்ணமியில் கடல் ஏறும்போது மூன்று பம்புகளும் சேர்ந்து ஓடவில்லை என்றால் மூவாயிரம் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். இந்த வருடம் கராங்லெகிக்குள் தண்ணீர் வந்தால் உங்களுக்கு ஆலோசகர் நாற்காலி காத்திருக்கிறது என்று, இபு பதவியேற்ற நாளிலேயே மேயர் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். ஆலோசகர் என்றால் ஒரு மேசை, ஒரு பெயர்ப்பலகை, வேலை கிடையாது. மூன்றாவது பம்பு ஓடவில்லை என்று இபுவின் காதுக்கு எப்படியோ எட்டியிருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் அதையே கேட்டார். சியாப் இபு, நடவடிக்கையில் இருக்கிறது என்றே ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார்கள்.

மூன்றாவது பம்பின் பேரிங் ஆகஸ்டிலேயே எரிந்துவிட்டது. புதியது சுராபாயாவிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். வாங்குவதற்கான காகிதம் மூன்றாவது கையெழுத்துக்காக எங்கோ ஒரு மேசையில் கிடந்தது.

கடிதம் வந்த அன்று பாக் தர்யாதி கிராம்பு சிகரெட் பிடித்தபடி பம்புகளுக்கு நடுவில் அரை மணி நேரம் நின்றார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா எதைப் பாக்க வர்றாங்க?"

மூணாவது என்றோம்.

"ரெண்டாவதைப் பத்திக் கடுதாசில ஒரு வார்த்தை இருக்கா?"

இல்லை.

"அப்புறம் என்ன யோசனை? கழட்டு."

மூன்று பம்பும் ஒரே வருடத்தில் ஒரே கம்பெனியில் வாங்கியவை. ஒன்றின் உறுப்பு மற்றதில் உட்காரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது பம்பின் பேரிங்கைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினோம். நான்கு பேர், இரண்டு நாள். நான் டார்ச் பிடித்தேன். அதன் பிறகு, புதன் இரவு, மூன்றுக்கும் நீலப் பெயின்ட் அடித்தோம்.

வியாழக்கிழமை இபு காரிலிருந்து இறங்கியதும் பந்தலைப் பார்த்தார். நாற்காலி வரிசையையும், வாழையிலையில் சுற்றிய லெம்பர் வைத்த பலகாரப் பெட்டிகள் அறுபதையும் பார்த்தார். முர்ஜோனோவின் பக்கம் திரும்பினார். அவர் மைக்கைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பம்பை ஓட்டினோம். வாய்க்காலில் தண்ணீர் சீறி விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இபுவின் தோள் இரண்டு விரல் இறங்கியதைப் பார்த்தேன். பத்தொன்பது நாளாகத் தூக்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கீழே வைத்தார் போல.

கெடுத்தது ஃபிக்ரிதான். கெடுக்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, நல்ல படம் வேண்டும் என்றுதான் நினைத்தான்.

"பாக், மூணையும் சேத்து ஓட்டுங்களேன். தண்ணி பொங்கி வரட்டும், இபு முன்னாடி நிக்கட்டும். பேப்பர்ல முதல் பக்கம் போட்டுருவாங்க."

இரண்டாவது ஓய்வில் இருக்கிறது என்றார் தர்யாதி. எதற்காக ஓய்வு என்று இபு கேட்டார். நிறைய உழைத்துவிட்டது என்றார் தர்யாதி. யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்.

இபு நடந்துபோய் இரண்டாவது பம்பின் மேல் கை வைத்தார். உள்ளங்கை நீலமாகிவிட்டது. சுற்றிப் பார்த்தார். எல்லோரும் நல்ல பாத்திக் போட்டிருந்தார்கள். இரவு முழுக்க வேலை பார்த்த சட்டையோடு நின்றவன் நான் ஒருவன்.

"மாஸ், இது ஓடுமா?" அண்ணே என்பதுபோல இங்கே மாஸ்.

இங்கே மேலதிகாரியிடம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. இன்னும் இல்லை என்பார்கள். கேட்டவருக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

"இன்னும் இல்ல, இபு."

"எப்ப ஓடும்?"

முர்ஜோனோ என்னைப் பார்த்தார். தர்யாதி தரையைப் பார்த்தார். எனக்குத் தூக்கம் வந்தது. தூங்காதவனுக்குப் பொய்யை அடுக்கி வைக்கத் தெம்பிருக்காது.

"மூணாவதோட பேரிங்க திருப்பிக் குடுத்தா ஓடும்."

இபு கத்தியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் சாப்பிடுங்கள் என்றார். முர்ஜோனோவை மட்டும் பம்பு அறைக்குள் அழைத்துப்போனார். நான் கருவிகளை எடுத்து வைத்தபடி உள்ளேதான் இருந்தேன். என்னை யாரும் ஆளாக எண்ணவில்லை.

பௌர்ணமிக்கு எட்டு நாள் இருந்தது. வாடகைப் பம்பு கிடைக்கும். ஆனால் அதற்கு மேயர் அவசர நிலை என்று ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதலுக்கு, பம்பு ஓடவில்லை என்று துறைத் தலைவர் எழுத வேண்டும். அங்கேதான் முர்ஜோனோ மெதுவாக நினைவுபடுத்தினார். காலையில் காருக்குள் அவர் நீட்டிய பதினொரு காகிதங்களில் ஒன்று மேயருக்கான அறிக்கை. மூன்று பம்பும் தயார் நிலையில். இபுவின் கையெழுத்தோடு அது போய்ச் சேர்ந்துவிட்டது.

"பாக்கவே வரலையே, அதுக்குள்ள எப்படி எழுதுனீங்க?"

"சோதனை முடிஞ்சு எழுதினா லேட்டாகும், இபு."

இபு நின்றபடியே ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். முர்ஜோனோ கிட்டே வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அக்கறையோடுதான் பேசினார்.

"எழுதாதீங்க, இபு. தண்ணி வந்தா கடல் மேல பழியப் போடலாம். கடல யாரும் இடமாத்தம் பண்ண மாட்டாங்க. பம்பு ஓடலன்னு நீங்களே எழுதிட்டா அப்புறம் கடலுக்கு வேலையே இல்ல. உங்களுக்கும்தான்."

"கராங்லெகிக்காரங்க எங்க போய் நிப்பாங்க, பாக்?"

"எப்பவும் நிக்கிற மாதிரி, கட்டில் மேல."

இபு எழுதி முடித்துக் கையெழுத்திட்டார். தாளின் ஓரத்தில் நீலக் கறை பட்டிருந்தது. வேறு தாளில் எழுதித் தரவா என்றார் முர்ஜோனோ. வேண்டாம் என்றார் இபு.

வாடகைப் பம்பு ஆறாவது நாள் லாரியில் வந்தது. பௌர்ணமியன்று கடல் வழக்கம்போல ஏறியது, வாடகைப் பம்போடு சேர்த்து மூன்றும் அதைத் திருப்பித் தள்ளின. கராங்லெகித் தெருக்களில் கணுக்காலளவுதான் தண்ணீர். மறுநாள் டீக்கடையில் பெண்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. இந்த வருடம் கடல் நல்லபடியாக நடந்துகொண்டதாம்.

மேயரும் அப்படித்தான் நினைத்தார். வீட்டுக்குள் தண்ணீரே வராத வருடத்தில் வாடகைப் பம்பு எதற்கு? ஒரே நாளில் ஒரே கையெழுத்தோடு இரண்டு அறிக்கைகள், ஒன்றுக்கொன்று எதிராக. விசாரணை வைத்தார்கள். தர்யாதி சாட்சி சொன்னார்: கடிதத்தில் கேட்டிருந்தபடி மூன்றாவது பம்பு ஓடியது. நானும் சொன்னேன். ஓடியதா என்று கேட்டார்கள், ஓடியது என்றேன். இரண்டாவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்று நான் நன்றாகத் தூங்கிவிட்டுப் போயிருந்தேன்.

ஜனவரியில் இபு ஆலோசகர் ஆனார். பொறுப்பு ஒப்படைப்புக்கு இரண்டு சாட்சிகள் வேண்டுமாம், முர்ஜோனோ என்னையும் கூப்பிட்டனுப்பினார். இபுவின் அறை ஏற்கெனவே காலியாக இருந்தது. மேசையில் ஒரு கள்ளிச்செடித் தொட்டி, பயிற்சிச் சான்றிதழ், பயன்படுத்தாத மூன்று பேனா. நான் கையெழுத்திட்டேன். புதிய தலைவர் திங்கட்கிழமை வருகிறார், பம்பு நிலையத்தைத்தான் முதலில் பார்க்க விரும்புகிறாராம், திடீரென்று, என்றார் முர்ஜோனோ. கடிதம் தட்டச்சில் இருக்கிறது.

இபு தொட்டியைத் தூக்கிக்கொண்டார். வாசலில் என்னருகே நின்றார்.

"ரெண்டாவது ஓடுதா, மாஸ்?"

வாடகைப் பம்பு திரும்பிப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. சுராபாயாக் காகிதம் நான்காவது கையெழுத்துக்குப் போயிருந்தது.

"இன்னும் இல்ல, இபு."

தலையசைத்தார். படிக்கட்டுப் பக்கம் நடந்தார். முர்ஜோனோ விளக்கை அணைத்து, என்னையும் வெளியே வரச்சொல்லி, கதவைச் சாத்தினார். துறைத் தலைவர் அறையின் சாவி அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. இரண்டு முறை திருப்பிப் பூட்டினார்.