கயிறில்லாத ஞாயிறு

மனைவியின் பருந்துக்குக் கணவன் ஒளித்துச் சாப்பாடு போட்டான் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது, ஜெர்மனியில், பீலெஃபெல்டில்.

பிரபாலினி பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிறாள். ஏதோ ஒரு கோட்டையில் பருந்துக் காட்சி பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து தானும் ஒரு பருந்து வளர்க்கவேண்டும் என்று அவளுக்குப் பிடித்த ஆசை விடவேயில்லை. இரண்டு வருடமாக வார இறுதிகளில் வகுப்புக்கு ஓடினாள். பருந்து வைத்திருக்க அங்கே சட்டம் கேட்பதால், முதலில் வேட்டைப் பரீட்சை, பிறகு பருந்துப் பரீட்சை என்று மல்லுக்கட்டிப் பாஸ் பண்ணினாள். "உனக்கென்ன விசரே?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவள் கணவன் நிலக்சன் மட்டும் கேட்கவில்லை. தோட்டத்தில் கூடு அடித்துக் கொடுத்தான். அவள் வாங்கி வந்த, தோள் சிவந்த பாலைவனப் பருந்துக்குச் சிவப்பி என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

இந்த விளையாட்டின் சூட்சுமமெல்லாம் தராசில் இருக்கிறது. நிறை கூடினால் பருந்துக்குப் பசியில்லை. பசியில்லாத பருந்து திரும்பி வராது. அது நாய் இல்லை, உங்கள் அன்புக்கு வர, என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பிரபாலினி தினமும் நிறுத்தாள். அளந்து இறைச்சி கொடுத்தாள். காலில் நீளக் கயிறு கட்டிப் பறக்கவிட்டு, தோல் கையுறையை நீட்டிக் கூப்பிட்டுப் பழக்கினாள். கயிற்றை அவிழ்க்கும் நாள் அந்த ஞாயிற்றுக்கிழமை. போனால் போனதுதான். வெயில் நாட்டுப் பறவை, வரப்போகும் பனிக்குத் தாங்காது. அது போய்விட்டால் இன்னொன்றை முதலிலிருந்து பழக்கத் தனக்கு மனம் வராது என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஊருக்கு வெளியே, வயலோரம் கயிற்றை அவிழ்த்தாள். சிவப்பி எழும்பிப் போய் ஒரு மரத்தின் உச்சியில் குந்தியது. பிரபாலினி விசிலடித்தாள். கையுறையில் இறைச்சியைக் காட்டினாள். கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டவர் பாயசத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, அது இறகு கோதத் தொடங்கியது.

"காலமை நிறுத்தனான், நிறை சரியாத்தானே இருந்தது!" என்றாள்.

நிலக்சன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ, என்ன செய்தனீங்கள்?"

"நீர் நிறுத்தாப் பிறகு ரெண்டு கோழிக்குஞ்சு குடுத்தனான், பிரபா. கத்திக்கொண்டே நிண்டது. சோதினைக்குப் போற பிள்ளையை வெறுவயித்தோட விடுறதே?"

"ஐயோ! அவளைச் சாகக் குடுத்திட்டீங்களே!"

பாவம் மனிசன், யார் பசியையும் பார்த்துக்கொண்டிருக்கத் தெரியாதவன். அது அன்று அவளுக்குப் பெரிய குற்றமாகத் தெரிந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் உலர்ந்தது. காற்றுக் குளிர்ந்தது, காகங்கள் வந்து மரத்தைச் சுற்றிக் கரைந்தன. பருந்து அசையவில்லை. கடைசியில் இறைச்சியைப் பைக்குள் போட்டு மூடினாள். அதன் வாலில் கட்டியிருந்த சிக்னல் கருவியைத் தேடிப் பிடிக்கும் ஆன்டெனா காரில் இருந்தது. அதை எடுக்க வேலியோரமாக நடந்தாள். கண்ணீரில் பாதை சரியாகத் தெரியவில்லை.

"பிரபா," பின்னால் வந்த நிலக்சன் மெதுவாகச் சொன்னான். "திரும்பிப் பாரும்."

சிவப்பி பக்கத்து மரத்துக்கு வந்திருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தாள். அதுவும் அடுத்த மரத்துக்கு வந்தது. இவள் நடக்க நடக்க அது மரம் மரமாக வந்தது. எடுத்துக்காட்ட இறைச்சித் துண்டு கையில் இல்லை. பையைத் திறந்தால் வெருண்டு பறந்துவிடுமோ என்று பயம். வெறும் கையுறையைத்தான் உயர்த்தினாள்.

பாரத்தில் கை தாழ்ந்தது. சிவப்பி வந்து இருந்துவிட்டது! காலில் தொங்கிய தோல்வாரை இறுக்கிப் பிடித்தபிறகுதான் பையிலிருந்து ஒரு துண்டு எடுத்து நீட்டினாள். பருந்து அதைச் சட்டை செய்யவில்லை. அலகைக் கையுறையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்தது. உடம்பெல்லாம் இறகை உப்பி ஒருதரம் உலுப்பிவிட்டு, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு வசதியாக இருந்தது.

"பசி வந்திட்டுதோ அவளுக்கு?" கிட்ட வரப் பயந்து நிலக்சன் தூரத்திலிருந்தே கேட்டான்.

"இல்லையப்பா. ஒரு பசியும் இல்லை."

"அப்ப ஏன் வந்தவள்?"

பிரபாலினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"என்னட்டை வந்தவள்," என்றாள்.