அக்காவுக்கு ஏற்ற லினக்ஸ்

அக்காவின் பழைய லேப்டாப் ஆமையாய் ஊர்ந்ததும், தம்பி மூன்று பென்டிரைவ்களோடு வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் பசி, தூக்கம் தெரியாது. அக்கா வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்பவள்.

"மின்ட் பழகினவங்க வீடு மாதிரி, எதையும் தேட வேண்டாம். ஃபெடோராவுல புதுசு எல்லாம் முந்திக்கிட்டு வரும். டெபியன் கல்லு மாதிரி, அசையாது" என்று ஒவ்வொரு பென்டிரைவிலும் இருந்த லினக்ஸ் வகையை அடுக்கினான்.

"மச்சான், மூச்சு விட்டுட்டுப் பேசுப்பா" என்று சமையலறையிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார்.

ஒவ்வொன்றையும் ஓட்டிக் காட்டினான். அக்கா கேட்டதெல்லாம் ஒன்றே: "இதுல எழுத்தைப் பெரிசாக்க முடியுமா?"

"எல்லாத்துலயும் முடியும்க்கா. வேகத்தைப் பாரு!"

பார்க்கத்தான் அவள் முயன்றாள். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். அப்படியும் பட்டனுக்குப் பக்கத்திலேயே அழுத்திக்கொண்டிருந்தாள். தம்பி அவள் பக்கம் திரும்பினான்.

"எப்பலேர்ந்துக்கா?"

அவள் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்ச நாளா. பார்வை இன்னும் குறையும்னு டாக்டர் சொல்றார். அத்தான்கிட்ட சொல்லல. வேலை போயிடுமோன்னு பயமா இருக்குடா."

அதற்கப்புறம் அவன் எதன் பெருமையையும் பேசவில்லை. மூன்றிலும் திரையைப் படித்துக் காட்டும் குரலை ஓடவிட்டான். எழுத்தைப் பெரிதாக்கி அவள் கையில் கொடுத்தான். குரல் அவள் மொழிபெயர்த்த பக்கத்தை வாசித்தது.

"ஜலதோஷம் பிடிச்சவன் மாதிரி படிக்கிறானே!" அக்கா சிரித்துவிட்டாள்.

மின்டில், ஒரு விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தைச் சுழற்றியதும் திரை முழுவதும் பெரிதானது. அவள் விரல் அதை விடவே இல்லை. தம்பியின் மனசு ஃபெடோராவில்தான் இருந்தது. ஆனாலும் மின்டையே நிறுவினான்.

அது முடிவதற்குள் அக்கா அத்தானைக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ போட்ட காபியில உப்பு விழுந்த அன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேன்."

"உப்புக் காபியை எப்படிக் குடிச்சீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டுதான்."

அக்கா அவர் தோளில் ஓர் அடி போட்டாள். மின்ட் ஏறி முடிந்ததும் மவுஸை எடுத்து, பாதியில் நின்ற மொழிபெயர்ப்புப் பக்கத்தைத் திறந்தாள்.