முதலில் புறப்பட்ட பை

ஒஸ்லோவிலிருந்து மலைகளைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போகும் விரைவு ரயிலின் உணவுப் பெட்டியில் பாதி ஆயுளைக் கழித்தவர் இந்திரகுமார். அந்த ரயிலை நிறுத்துகிறார்கள். சனிக்கிழமை காலை கடைசி ஓட்டம். வழியில் ரயிலின் வரலாற்றைச் சொல்லும் பொறுப்பு, பழைய ஆள் என்று, அவருக்கே வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கலைமான் கூட்டம் தண்டவாளத்தில் படுத்துக்கொண்ட கதை, பனியில் மாட்டிக்கொண்ட அன்று கடைசி உருளைக்கிழங்கு வரை அவித்துக் கொடுத்த கதை எல்லாம் தயார். முத்தாய்ப்பாக ஒரு வரி: மலையில் எத்தனையோ தரம் பிந்தியிருக்கிறது, ஒஸ்லோவிலிருந்து ஒருநாளும் பிந்திப் புறப்பட்டதில்லை.

மனைவி சிவகாமிக்கு வரலாறு கிடக்கட்டும், நேரம்தான் முக்கியம். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். ரயிலோ ஒன்பதரைக்கு.

"ரயிலைப் பிந்தி விடச் சொல்லி ஆரிட்டையப்பா கேக்கிறது?" என்றார் இந்திரகுமார்.

"நீங்கள் ஒண்டும் கேக்க வேண்டாம். அதுக்கு வழி இருக்கு."

வழி பழையதுதான். நல்ல நேரத்தில் பையை முன்கூட்டியே வெளிக்கிடப் பண்ணிவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பையைப் பக்கத்து வீட்டில் வைப்பது வழக்கம். அவர்கள் இருக்கும் ட்வெய்ட்டாவில் விடுமுறைக் காலையில் யார் கதவு திறப்பார்கள்? அதனால் நேரத்தோடு ஸ்டேஷனுக்கு வந்து, கணவர் கழிப்பறைக்குப் போன சமயம் பார்த்து, ரயில் மேடையில் ஆட்கள் உட்காரும் வாங்கில் பையை வைத்து, அதற்கு விபூதியும் பூசிவிட்டுக் கோப்பிக் கடைக்கு வந்துவிட்டார் சிவகாமி.

"பை எங்கை?"

"அது வெளிக்கிட்டிட்டுது."

யாரோ பழைய சகா ரயிலில் ஏற்றிவிட்டான் என்று இந்திரகுமார் நினைத்தார்.

ஒன்பதுக்குப் பொலிஸ் நாயோடு வந்து மேடையை மூடியது. வாங்கில் ஆளில்லாத பையாம், மேலே ஏதோ சாம்பலாம். ரயில் ரத்தாகலாம் என்றது ஒலிபெருக்கி.

இந்திரகுமார் மனைவியைப் பார்த்தார். சிவகாமி கோப்பிக் கோப்பையைப் பார்த்தார். இந்திரகுமாருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சுற்றிவர உடன் வேலை செய்தவர்கள் நிற்கிறார்கள், வாய் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் கடைசி ஓட்டமே போகும். நேரே பொலிஸ்காரியிடம் போய், "அது என்னுடைய பை" என்று நொர்வேஜிய மொழியில் சொன்னார்.

சோதித்து, விசாரித்து, ராகுகாலத்தை விளங்கப்படுத்தி முடிய ரயில் பத்தரை தாண்டித்தான் நகர்ந்தது. இந்திரகுமார் உரைத்தாளை எடுத்து, முத்தாய்ப்பு வரியை வெட்டப் பேனாவைத் திறந்தார். உண்மையாகவே அழுகை வந்தது.

பக்கத்தில் இருந்த சிவகாமி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஏனப்பா வெட்டுறியள்? ராகுகாலம் முடிஞ்சுது. ரயில் இண்டைக்குத்தான் சரியான நேரத்துக்கு வெளிக்கிட்டிருக்கு."

இந்திரகுமார் பேனாவை மூடினார். அந்த வரியை அப்படியே வாசித்தார். முழுப் பெட்டியும் சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.